செத்தண்ணை

எங்கள் ஆட்கள் பட்டப்பெயர் வைக்கும்போது ஈவிரக்கம் பார்ப்பதில்லை. வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் ஆலையில் வேலை செய்துவிட்டு ஒஸ்லோவுக்கு வந்தவர் கடைசிவரை ‘மீன்வெட்டி’தான். வந்த முதல் மாரியிலேயே பனியில் வழுக்கி இடுப்பை முறித்தவருக்கு ‘ஐஸ்’ என்று பெயர். இவருக்குச் ‘செத்தண்ணை’. தாய் தகப்பன் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினாலும் ஒருவருக்கும் ஆள் பிடிபடாது.

ஒஸ்லோவின் ஓரத்தில், மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் கட்டடத்துக்கு அடுத்த கட்டடத்தில் இருந்தார்கள், அவரும் மனைவியும். பிள்ளைகள் இல்லை. தொலைபேசி எடுத்து, “அக்கா, செத்தண்ணை நிக்கிறாரோ?” என்று கேட்டால் அந்த அக்கா சிரிக்காமல் சொல்லுவார்: “ஓம், இப்பதான் சாப்பிட்டவர். குடுக்கிறன்.” என்னோடு சிறுவர் பள்ளியில் வேலை செய்த நோர்வேஜியப் பெண்ணுக்கு ஒருநாள் இதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் கோப்பியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரணம் சாதாரணமானது. அவர் பிரான்சில் சாவதைத் தொழிலாகச் செய்தவர்.

மன்னார்ப் பக்கத்திலிருந்து பாரிசுக்குப் போய், ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த இளந்தாரி. அந்த நாட்களில் பிரெஞ்சுக்காரர் பழைய ராசா காலத்துக் கதைகளை விழுந்து விழுந்து படமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். இறகு வைத்த தொப்பி, நீள வாள், குதிரை, கோட்டைச் சுவரிலிருந்து கயிற்றில் தொங்கிப் பாய்தல், கடைசியில் ஒரு சீமாட்டிக்கு முத்தம். அதில் ஒரு படத்தின் கதை பாண்டிச்சேரியில் நடக்கிறது. பிரெஞ்சுப் படையில் இந்தியச் சிப்பாய்கள் வேண்டும். இந்தியாவுக்குப் போய் எடுக்க வசதியில்லை. பாரிசிலிருந்த எங்கள் பெடியன்களை ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் வடபிரான்சில் ஒரு கல்லுடைக்கும் பள்ளத்தில் இறக்கினார்கள். மாரி காலம். மேற்சட்டை இல்லாமல், உடம்பெல்லாம் எண்ணெய் பூசி, பாண்டிச்சேரி வெயிலில் நிற்பதுபோல் நிற்க வேண்டும். பல்லுக் கிடுகிடுக்குது, முகத்தில் வியர்வைக்குத் தண்ணீர் தெளிக்கிறார்கள்.

“உங்கடை பாசையிலை கோவமாக் கத்திக்கொண்டு ஓடுங்கோ எண்டு டிரெக்டர் சொன்னவர். நாங்கள் அந்தக் குளிருக்கு அந்த ஆளின்ரை பரம்பரையையே இழுத்துத் தூஷணம் கொட்டினம். வெள்ளையள் தியேட்டரிலை அதைப் போர்முழக்கம் எண்டு கேட்டவை.”

ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது இந்தக் கதையைச் சொன்னார். பக்கத்தில் நின்ற சுவாமி, “அப்பிடி என்ன கத்தினீங்கள்?” என்று கேட்டார். “ஸ்தோத்திரம்தான் சுவாமி,” என்றார் செத்தண்ணை.

அந்தப் படத்தில் சண்டை பழக்கியவர் ஒரு கிழவர். செத்தண்ணை அவரை வாள்மாஸ்டர் என்றே சொல்லுவார். ஒரு முழங்கால் மடங்காது, கையில் பொல்லு. பஸ்ஸில் வந்த எல்லோரையும் ஒருதடவை விழுத்திப் பார்த்திருக்கிறார். எல்லோரும் கையை ஊன்றினார்கள். இவர் மட்டும் தோளைக் கொடுத்து உருண்டு விழுந்து அப்படியே கிடந்தார். அன்றோடு கோப்பை கழுவுகிற வேலை முடிந்தது.

அதன்பிறகு எத்தனையோ படங்களில் செத்தார். துருக்கிக் கடற்கொள்ளைக்காரனாக, அரபிக் காவலாளியாக, கறுப்பு அங்கி போட்ட துறவியாக, ஒருமுறை முகத்தில் மா பூசி ஸ்பானியச் சிப்பாயாகவும் செத்தார். ஒரு படத்தில் வாசலில் காவல் நின்று செத்துவிட்டு, தொப்பியை மாற்றிக்கொண்டு, அந்தச் சாவுக்குப் பழிவாங்கப் போன கூட்டத்திலும் ஒருவராகப் போய் மறுபடி செத்தாராம். “என்ரை சாவுக்கு நானே பழிவாங்கப் போனனான் தங்கச்சி. அதுவும் சரிவரேல்லை.”

தன்னைப் பற்றிப் பெருமை பேச மாட்டார். பேசுவதெல்லாம் மற்றவர்களைப் பற்றித்தான். காலையில் ஊசி நூலோடு வந்து, “இண்டைக்கு எந்தப் பக்கம் சாகிறாய்?” என்று கேட்டு, அந்தப் பக்கச் சட்டைக்குள் சாயப்பை தைத்துவிடுகிற போர்த்துக்கேயக் கிழவி. ஆள் விழுந்தால் திரும்பியும் பாராமல், குதிரை விழுந்தால் ஓடிவந்து அழுகிற குதிரைக்காரன். “குதிரைக்கு டொக்டர் வந்தவர். எங்களுக்கு சூப் வந்தது,” என்பார். பெரிய கதாநாயகன் ஒருவர் வாள் நுனியால் தவறுதலாக இவருடைய காதோரம் கிழித்துவிட்டு, அடுத்த நாள் வந்து ஒரு சிகரெட் கொடுத்துவிட்டுப் போனாராம். அந்தத் தழும்பைக் காட்டும்போது மட்டும் கொஞ்சம் மிதப்பு வரும்.

வாள்மாஸ்டர் சொன்னதாக அவர் அடிக்கடி சொல்லுவார்: “கொல்லுறவனுக்குப் படத்திலை ஒரு வேலையும் இல்லை. வாளை வீசிப்போட்டுத் தலைமயிரைச் சரி பண்ணுவான். சாகிறவன்தான் எல்லாம் செய்யவேணும்.” செத்தபிறகும் வேலை முடியாது. கமெரா நின்றாலும் எழும்பக் கூடாது, பிறகு இன்னொரு பக்கத்திலிருந்து எடுப்பார்கள். எல்லாம் முடிந்தால்தான் கிழவர் நொண்டி நொண்டி வந்து, செத்துக் கிடக்கிற ஒவ்வொருவனுடைய குதிக்காலிலும் பொல்லால் தட்டுவார். தட்டினால் எழும்பிச் சாப்பிடப் போகலாம். அதுவரை பிணம்.

எங்கள் வீட்டுப் பிறந்தநாள்களில் பிள்ளைகளுக்கு இதுதான் விளையாட்டு. கேக் வெட்டி முடிய யாராவது ஒரு வாண்டு பிளாஸ்டிக் கரண்டியை நீட்டி, “செத்த மாமா!” என்று கத்தும். அந்த மனிதர் கையில் பாதி கடித்த ரோல்ஸ் இருந்தாலும் அதைப் பத்திரமாகப் பக்கத்தில் வைத்துவிட்டு, சுவரில் மோதி, கதிரையில் சரிந்து, தரையில் நீட்டி நிமிர்ந்து செத்துவிடுவார். பிள்ளைகள் ஏறி மிதித்தாலும் அசைய மாட்டார். குதிக்காலில் தட்ட வேண்டும். என் மகளுக்கு அதில் தனிச் சந்தோசம், தட்டாமல் வைத்துக்கொண்டு நிற்பாள். நான் சத்தம் போட்டால்தான் தட்டுவாள்.

பிறகு அந்தத் தொழில் படுத்துவிட்டது. அப்படிப் படங்கள் எடுப்பது குறைந்தது, வாள்மாஸ்டரும் போய்ச் சேர்ந்தார். செத்தண்ணை கலியாணம் பேசி இங்கே வந்தார். அந்த அக்காவும் பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டிவிட்டு ஒஸ்லோவுக்கு இறங்கியவர்தான். செத்தண்ணைக்கு மருத்துவமனைத் துணி வெளுக்கிற ஆலையில் வேலை கிடைத்தது. “செத்து உழைச்ச காசிலை என்ன மிச்சம்?” என்று யாராவது பகிடி விட்டால், “நாய் வித்த காசு குரைக்கவா போகுது?” என்பார். மிச்சம் என்று அவர் கொண்டுவந்தது ஒரு பெட்டி வீடியோக் கசெற்றுகள். போட்டுக் காட்டி, ஓரிடத்தில் நிறுத்தி, “இது நான்,” என்பார். கூர்ந்து பார்த்தால் மண்ணில் கவிழ்ந்து கிடக்கிற ஒரு முதுகு. ஒரு படத்திலும் முகம் கிடையாது.

“அண்ணை, இது முதுகெல்லோ?” என்றார் என் கணவர்.

“முதுகும் நான்தானே.”

அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எல்லோரும் கூடியிருந்து தமிழ்ப் படம் பார்ப்போம். கதாநாயகனின் தாய் சாவார், வீடே மூக்கை உறிஞ்சும். அப்போது செத்தண்ணை கதிரையை விட்டு எழும்பிப் போய் ரீவிக்குக் கிட்டக் குனிந்து, விரலைத் திரையில் வைப்பார். “இந்தா, மூச்சு விடுறா.” பார்த்தால் உண்மைதான், சேலைக்குக் கீழே வயிறு ஏறி இறங்கும். அதற்குப் பிறகு யார் அழுவது?

அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். போர்நிறுத்த காலத்தில் நான் அம்மாவை இங்கே எடுத்திருந்தேன். அவருக்குப் படம் பார்ப்பதே அழுவதற்காகத்தான். “ஒரு சாவை நிம்மதியா அழ விடுறானில்லை இந்த மனுசன். கோதாரி,” என்று முணுமுணுப்பார். செத்தண்ணைக்கு அது கேட்கும். “அழாதேங்கோ அம்மா. அந்த மனிசி பின்னேரம் வீட்டை போய்ச் சாப்பிட்டிருப்பா,” என்பார்.

விரலை வைக்காமல் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. வயிற்றில், விலாவில், கழுத்து நரம்பில், இமையில் எங்கே உயிர் ஓடுகிறதோ அந்த இடத்தில் விரல் போய் நிற்கும். ஒருமுறை ஒரு நடிகர் செத்துக் கிடந்தார். செத்தண்ணை திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தும் பிடிபடவில்லை. எங்களுக்குச் சோறு ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் விரல் தொண்டைக்குழியில் போய் நின்றது. “கெட்டிக்காரன். இஞ்சை ஒளிச்சு வைச்சிருக்கிறான்,” என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது, அவர் பிழை பிடிப்பதற்காகப் பார்க்கவில்லை. எங்கேயாவது மூச்சு இருக்க வேண்டும் என்று பார்க்கிறார்.

செய்தி மட்டும் பார்க்க மாட்டார். ஊர்ச் செய்தியில் வரிசையாகக் கிடத்தியிருக்கும் உடல்களைக் காட்டத் தொடங்கினால் சிகரெட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார். உறைபனியாக இருந்தாலும் போவார்.

போர்நிறுத்தம் முறிந்து சண்டை மூண்டது. என் ஒரே தம்பி வன்னியில் இருந்தான். தண்ணீர் மோட்டர் திருத்துகிறவன். இயக்கமுமில்லை, ஒன்றுமில்லை. “எல்லாற்றை கிணத்துக்கும் நான் வேணும், நான் எங்கை வாறது?” என்று தொலைபேசியில் சிரிப்பான். அந்தக் கடைசி மாரியில் அவனுடைய தொலைபேசி நின்றது. சனம் எல்லாம் கடற்கரையை நோக்கித் தள்ளப்பட்டுக்கொண்டிருந்தது என்று மட்டும் தெரியும். அம்மா செபமாலையைக் கையை விட்டு வைக்கவில்லை.

அந்த இளவேனிலில் நாங்கள் எல்லோரும் சண்டையை நிறுத்தச் சொல்லி நோர்வே நாடாளுமன்றத்துக்கு முன்னால்தான் நின்றோம். வேலை முடிந்தால் அங்கே, சனி ஞாயிறும் அங்கே. இங்கே பிறந்த பிள்ளைகள்தான் முன்னுக்கு நின்று எல்லாம் செய்தார்கள். ஒருநாள் ஒரு பெட்டை ஒலிபெருக்கியில் சொன்னாள்: “எல்லாரும் செத்த மாதிரி நிலத்திலை படுங்கோ, ப்ளீஸ். பிரெஸ்ஸ வருது.” பத்திரிகைக்காரர் வருகிறார்களாம். படுத்தோம். படுத்தாலும் எங்கள் ஆட்கள் சும்மா கிடக்க மாட்டார்கள். ஒருவர் தலைக்குக் கீழே பையை வைத்தார், ஒருத்தி கோட்டைக் கீழே இழுத்துவிட்டாள், யாருடைய பொக்கெற்றிலோ தொலைபேசி அடித்தது. எனக்குப் பக்கத்தில் செத்தண்ணை கிடந்தார். கண் திறந்திருந்தது. திரும்பிப் பார்த்தவள் பயந்துபோனேன்.

முடிந்து எல்லோரும் தட்டிக்கொண்டு எழும்பினோம். அவர் எழும்பவில்லை. படம் எடுக்க வந்தவர்கள் அவரைச் சுற்றி நின்று எடுத்தார்கள். அக்கா வந்து குனிந்து, சப்பாத்துக்கு மேலாலேயே அவருடைய குதிக்காலில் கையால் தட்டினார். பிறகுதான் எழும்பினார். “கல்லு குளிருது,” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அங்கே அவர் வரவில்லை.

மே மாதத்தில் எல்லாம் முடிந்தது என்று சொன்னார்கள். சில நாட்களில் கனடாவிலிருந்து ஒரு சொந்தக்காரர் எனக்கு ஒரு வீடியோ அனுப்பினார். கைத்தொலைபேசியில் யாரோ எடுத்த, சில வினாடிகள் மட்டும் ஓடுகிற படம். கடல்நீரேரிக் கரை, சேறு, ஆட்கள் கிடக்கிறார்கள். இரண்டாவதாகக் கவிழ்ந்து கிடந்தவன் பச்சைக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தான். ஒஸ்லோவில் நான் வாங்கி, ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்ட சட்டை. வலது தோளில் தையல் விட்டுப்போய், அவனே வெள்ளை நூலால் தைத்ததாகத் தொலைபேசியில் சொல்லிச் சிரித்திருந்தான். அந்த வெள்ளை நூலும் தெரிந்தது.

அம்மாவுக்குக் காட்டாமல் விட நினைத்தேன். என் முகத்தைப் பார்த்தே பிடித்துவிட்டார். காட்டினேன். அம்மா அழவில்லை.

“சின்னவன்தான்,” என்றார். பிறகு மறுபடியும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அவன் சின்னனிலையே ஒளிச்சுக் கிடக்கிறதிலை கெட்டிக்காரன். செத்த மாதிரிக் கிடக்கிறானோ தெரியாது. ஆமி போகட்டும் எண்டு பாத்துக்கொண்டு கிடக்கிறான்.”

“அம்மா…”

“நீ சும்மா இரு. செத்தண்ணையைக் கூப்பிடு. அவருக்குத் தெரியும்.”

எல்லாச் சாவையும் கெடுக்கிறான் என்று இத்தனை வருசம் அந்த மனிதரைத் திட்டியவர், ஒரு சாவைக் கெடுத்துத் தரச் சொல்லி அவரையே கூப்பிடச் சொன்னார்.

பின்னேரம் வேலையால் நேரே வந்தார். வெளுப்பு மருந்து மணத்தது. என்ன விசயம் என்று நான் வாசலிலேயே சொன்னேன். சப்பாத்தைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். “வாங்கோ தம்பி,” என்று அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டார். சப்பாத்தைக் கழற்றினார்.

கொம்பியூட்டருக்கு முன்னால் அவரை இருத்தினோம். வெளிச்சம் அடிக்கிறது என்று யன்னல் சீலையை இழுத்துவிடச் சொன்னார். கீழே, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாண்ட் வாத்தியம் பழகிக்கொண்டு போனார்கள். கோடை விடுமுறைக்கு முந்திய ஏதோ ஊர்வலம். படம் ஓடியது, முடிந்தது. மறுபடி போட்டார். மறுபடியும் போட்டார். முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோய், மூச்சுப் பட்டுக் கண்ணாடி புகைகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். அம்மா அவருடைய தோளுக்குப் பின்னால் செபமாலையோடு நின்றார். நான் மனதுக்குள் மன்றாடினேன். ஆண்டவரே, விரலை வை என்று சொல்லு. வயிற்றிலோ கழுத்திலோ எங்கேயாவது வைக்கச் சொல்லு.

“மூச்சு விடுறார், அம்மா,” என்றார் செத்தண்ணை.

“எங்கை?” என்றார் அம்மா.

“முதுகிலை. மெல்லமா.”

அம்மா சிலுவை போட்டுக்கொண்டு அழத் தொடங்கினார். நான் செத்தண்ணையின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது முழங்காலில் கிடந்தது. அந்தக் கை மேலே வரவேயில்லை.

படிக்கட்டால் அவரோடு கீழே இறங்கிப் போனேன். வாசல் கதவுக்கு வெளியே போய் சிகரெட்டைப் பற்றவைத்தார்.

“நடிக்கிறவன் எவ்வளவு கெட்டிக்காரன் எண்டாலும் தனக்கு நோகாமல்தான் விழுவான் தங்கச்சி. மூக்குக்குக் காத்து வாற மாதிரித்தான் முகத்தை வைப்பான். பயத்திலை ஒளிச்சுக் கிடக்கிறவனும் அப்பிடித்தான். உடம்பு விடாது.” சாம்பலைத் தட்டினார். “உங்கடை தம்பியின்ரை கை உடம்புக்குக் கீழை மடங்கிக் கிடக்குது. முகம் தண்ணிக்குள்ளை. அப்பிடி ஒருத்தன் விழுந்தால் வாள்மாஸ்டர் கத்துவார், இது பொய், திரும்ப விழு எண்டு. உண்மையாச் செத்தவை சாகத் தெரியாத ஆக்கள் மாதிரித்தான் கிடக்கினம்.”

“அப்ப ஏன் அண்ணை அம்மாவுக்கு அப்பிடிச் சொன்னீங்கள்?”

“நான் என்ரை சீவியத்திலை எல்லாருக்கும் அதைத்தானே சொன்னனான். வேறை சொல்ல எனக்குத் தெரியாது.”

எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. உங்களுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள், இனி நானல்லவோ அந்த வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அப்படித்தான் நடந்தது. அம்மா தினமும் காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு அந்தப் படத்தைப் போடச் சொல்லுவார். பச்சைச் சட்டையின் முதுகில் விரலை வைத்து, “இஞ்சை பார் பிள்ளை,” என்பார். நான் “ஓம் அம்மா” என்பேன். வேறென்ன சொல்ல? அவனுடைய பெயரைச் சொல்லித் தேடுகிற இடங்களுக்கெல்லாம் எழுதினோம். செத்தவனைத் தேடி நானே ஒவ்வொரு இடத்துக்கும் தொலைபேசி எடுத்தேன். யாராவது “இல்லை” என்று சொல்லும்போது அம்மாவுக்கு முன்னால் ஏமாற்றமடைந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன்.

அம்மா கோயிலில் சொல்லிவிட்டார். பிறகு விடுவார்களா? வீடியோ வைத்திருந்தவர்கள், மங்கிய படம் வைத்திருந்தவர்கள் எல்லோரும் செத்தண்ணையின் கதவைத் தட்டினார்கள். பக்கத்து நகரமான திராமனிலிருந்தும் ஆட்கள் ரயிலேறி வந்தார்கள். எல்லோருக்கும் அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார். மூச்சு விடுறார். மூச்சு விடுறா. அக்கா பிறகு எனக்குச் சொன்னார், ஆட்கள் போனபிறகு குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்வாராம், தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு உள்ளே இருப்பாராம்.

இப்படி எத்தனை நாளைக்குச் செல்லும்? ஒருவருடைய தங்கச்சியைத் தங்கள் கையாலேயே புதைத்ததாக ஊரிலிருந்து சரியான தகவல் வந்தது. அந்த மனிதர் பூசை முடிந்து எல்லோரும் நிற்கும்போது செத்தண்ணையின் சட்டையைப் பிடித்தார். “சினிமாக்காரப் பொய்யா, என்ரை மனிசி ரெண்டு மாசமா அவள் வருவாள் எண்டு அறை ஒதுக்கிப்போட்டு இருக்கிறாள்,” என்று கத்தினார். செத்தண்ணை தன்னைப் பிடித்த கையைத் தட்டிவிடவில்லை. ஆட்கள்தான் விலக்கிவிட்டார்கள். அதன்பிறகு அவரை ஒருவரும் பெரிதாகக் கூப்பிடவில்லை. அவரைக் கண்டால் ஆட்கள் அந்தப் பக்கம் போனார்கள். நம்பினவர்களுக்கும் பயம், நம்பாதவர்களுக்கும் பயம்.

என் மகளின் பிறந்தநாளுக்கு நான் கூப்பிட்டேன். கோபம் இருந்தாலும் கூப்பிடாமல் எப்படி? வந்தார், ஒரு மூலையில் இருந்தார். மகள் ஓடிவந்து கரண்டியை நீட்டி, “செத்த மாமா!” என்றாள். அவர் அவளைப் பார்த்தார். எழும்பினார். சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிள்ளைகள் எல்லோரும் காத்துக்கொண்டு நின்றார்கள். “மாமாவுக்கு இண்டைக்கு ஏலாது குஞ்சு,” என்று சொல்லிவிட்டுத் திரும்ப இருந்தார். மகள் கரண்டியைக் கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டாள்.

கார்த்திகை மாதம் மரித்தவர்களுக்கானது. எங்கள் பூசையில் செத்தவர்களின் பெயர்களைக் கொடுத்தால் சுவாமி ஒவ்வொன்றாக வாசித்து மன்றாடுவார். அந்த வருசம் வாசித்து முடிய நெடுநேரம் எடுத்தது. அம்மா என் தம்பியின் பெயரைக் கொடுக்க விடவில்லை. “உயிரோடை இருக்கிறவனுக்கு ஆத்துமப் பூசை குடுக்கிறதோ? விசர்க்கதை கதையாதை,” என்றார். பெயர்கள் வாசிக்கப்பட, ஒவ்வொரு குடும்பமாக அழுதுகொண்டு வந்தது. நாங்கள் இருவர் மட்டும் அழாமல் இருந்தோம்.

அந்த மாதம் முடிவதற்குள் செத்தண்ணை போய்விட்டார். வேலையிடத்தில், துணி வண்டிலைத் தள்ளிக்கொண்டு போனவர் விழுந்தார். இருதயம். அக்கா ஒரே ஒரு விசயத்தைத்தான் எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். “கை கீழை மாட்டிக் கிடந்ததாம் பிள்ளை. முகம் அடிபட்டுப் போச்சு. எவ்வளவு வடிவா விழத் தெரிஞ்ச மனுசன்.”

அடக்கத்துக்கு முதல் சிற்றாலயத்தில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். வந்தவர்கள் குறைவு. சட்டையைப் பிடித்த மனிதரும் வந்து பின்னாலிருந்த வாங்கில் இருந்தார். காதோரத் தழும்பை மறைக்கிற மாதிரி யாரோ தலையை வாரிவிட்டிருந்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

அம்மா பெட்டிக்குக் கிட்டப் போய்க் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. வயிற்றைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், இமையைப் பார்த்தார். பின்னால் ஆட்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். நான் கையைப் பிடிக்கப் போனேன், தட்டிவிட்டார். பிறகு விரலை அவருடைய நெஞ்சில், கோட்டுப் பொத்தானுக்கு மேலே, வைத்தார். அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வரும்போது தேபான என்கிற சுரங்க ரயிலில் அம்மா யன்னல் பக்கம் இருந்தார். வெளியே மழையும் பனியும் கலந்து கொட்டியது. ஸ்கூலால் வந்த பிள்ளைகள் சத்தமாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா செபமாலையை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார்.

“சின்னவன்ரை பேரைச் சுவாமியிட்டைக் குடு,” என்றார். “மாதம் முடிய முந்திக் குடு.”

நான் திரும்பி அவரைப் பார்த்தேன்.

“அண்டைக்குச் செத்தண்ணை விரலை வைக்கேல்லை, பிள்ளை. நானும் பாத்தனான்.” அம்மா செபமாலையைக் கைப்பைக்குள் வைத்துப் பூட்டினார். “அதுதான் ஒவ்வொரு நாளும் நான் வைச்சுப் பாத்தனான். ஒண்டும் அசையேல்லை.”

மோர்டென்ஸ்ருட் கடைசி நிலையம். எல்லோரும் இறங்கிப் போனார்கள். நானும் அம்மாவும் எழும்பாமல் இருந்தோம்.